மகஜர் கொடுத்தால் போதாது: மட்டக்களப்பு, அம்பாறை விவசாயிகள் பாராளுமன்ற உறுப்பினரைக் கொண்டு வேலை செய்விப்பது எப்படி?

மாலை, பொன்னாடை, பதினேழு கோரிக்கை அடங்கிய மகஜர், கடைசியில் ஒரு குழுப்படம். நம் பக்கத்தில் விவசாயிகள் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரைச் சந்திப்பது பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. "கட்டாயம் பார்ப்பம்" என்பார் அவர். மகஜர் வாகனத்தின் பின் ஆசனத்துக்குப் போகும். அடுத்த போகத்தில் திகதியை மாற்றி அதே மகஜரைத் திரும்பவும் கொடுப்போம்.

பா.உ.வை மட்டும் குறை சொல்லி ஆவதில்லை. அந்தக் கடதாசியை வைத்துக்கொண்டு அவர் எந்தக் கந்தோருக்குப் பேச வேண்டும், எந்தத் திகதிக்குள் என்ன நடக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்காது. அவர் கையில் எடுத்ததும் வேலை தொடங்கக்கூடிய ஒரு தாளை எப்படித் தயாரிப்பது, அதை எந்த நேரத்தில் எந்த வழியால் கொண்டுபோவது என்பதுதான் கீழே.

முதலில் கதவைக் கண்டுபிடியுங்கள்

குளம் ஒன்றுதான்; பொறுப்பான கந்தோர் மூன்றில் ஒன்று. 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறத்தாழ 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்கு நீர் பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். அதைவிடப் பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு உரியவை. ஆனால் அந்தத் திணைக்களமும் மத்தி, மாகாணம் என்று இரண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களினூடாக ஓடும் ஆறுகளின் நீர்ப்பாசனம் மத்திய அரசுக்கு உரியது. கல்லோயாவும் மாதுரு ஓயாவும் அந்த வகை. ஒரே பிரதேச செயலகப் பிரிவுக்குள் பக்கத்துப் பக்கத்துக் குளங்களில் ஒன்று கொழும்புக்கும் மற்றது திருகோணமலைக்கும் பதில் சொல்வது நம் மாவட்டங்களில் புதினமல்ல. கட்டில் நிற்கும் பெயர்ப்பலகையைப் பாருங்கள். அதிலும் தெளிவில்லை என்றால் கமநல சேவை நிலையத்துப் பெரும்பாக உத்தியோகத்தரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மகாவலி பி வலயத்துக் காணி என்றால் மகாவலி அதிகார சபை. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பிரச்சினை இவ்வளவு காலம் இழுபட ஒரு காரணம், அங்கே மாவட்டச் செயலகம், மகாவலி அதிகார சபை, பொலிஸ், நீதிமன்றம் என்று பல கதவுகள் இருப்பது. பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் தொடர் போராட்டத்தில் இறங்கியதும் ஒவ்வொரு கதவும் அடுத்த கதவைக் காட்டிய பிறகுதான்.

யானை வேலி என்றால் வனஜீவராசிகள் திணைக்களம். வயலுக்குப் போகும் வீதி பிரதேச சபையின் பதிவில் இருக்கலாம். வாய்க்கால் கட்டாக இருந்தால் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் சொத்து. நெல்லின் உத்தரவாத விலையை மாவட்டத்தில் யாரும் தீர்மானிப்பதில்லை, அது கொழும்பில் அரசாங்கம் எடுக்கும் முடிவு. ஆனால் நெற் சந்தைப்படுத்தும் சபையின் எந்தக் களஞ்சியத்தை எப்போது திறப்பது என்பதில் மாவட்ட மட்டத்தில் பேச இடமுண்டு. இந்த வேறுபாடு தெரிந்த அமைப்புதான் காரியம் சாதிக்கும்.

ஒரு சிக்கலையும் சொல்லிவைக்க வேண்டும். கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பர் முடிவில் கலைந்தது. அதன் பிறகு மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை. ஆகவே மாகாணத்துக்குரிய விவசாயம், கால்நடை, மாகாணக் குளங்கள் பற்றிய கோரிக்கைகளைக் கேட்க மக்கள் தெரிவு செய்த மாகாண அமைச்சர் இல்லை. கடிதம் ஆளுநருக்கும் மாகாண விவசாய அமைச்சின் செயலாளருக்கும் போக வேண்டும்; பா.உ.வுக்குப் பிரதி போதும். மாகாணக் குளத்தின் துருசு (தண்ணீர் திறக்கும் மதகு) பற்றிப் பாராளுமன்றத்தில் கேள்வி போட்டால் "அது மாகாணத்துக்குரிய விடயம்" என்ற ஒற்றை வரிப் பதிலோடு ஆறு மாதம் போய்விடும்.

ஒன்றைக் கேளுங்கள்

பதினேழைக் கேட்டால் மிகச் சுலபமான ஒன்றைச் செய்துவிட்டு "உங்கள் கோரிக்கை நிறைவேறியது" என்பார்கள். பெரும்பாலும் அது ஒரு பெயர்ப்பலகை அல்லது நாலு லோட் கிரவலாக இருக்கும். ஒரு சந்திப்புக்கு ஒரு கோரிக்கை. இடம், அளவு, திகதி, செய்ய வேண்டிய கந்தோர் ஆகிய நான்கையும் ஒரே வசனத்துக்குள் அடக்க முடியாவிட்டால் அது இன்னும் முறைப்பாடுதான், கோரிக்கையாகவில்லை.

"நெல்லுக்கு நியாய விலை வேண்டும்" என்பது முறைப்பாடு. அதை இப்படி மாற்றலாம்: "எமது பிரிவில் உள்ள நெற் சந்தைப்படுத்தும் சபைக் களஞ்சியம் ஜனவரி 20க்கு முன் திறக்கப்பட வேண்டும், உத்தரவாத விலை அதற்கு முன் அறிவிக்கப்பட வேண்டும்."

இதற்குப் பின்னால் வலுவான நியாயம் இருக்கிறது. பெரும்போக வெட்டு நாட்டில் முந்தித் தொடங்கும் இடங்களில் அம்பாறையும் மட்டக்களப்பும் அடக்கம். பொலன்னறுவை, அனுராதபுரத்து வயல் பச்சையாக நிற்கும்போதே இங்கே மெசின் வயலுக்குள் இறங்கிவிடும். 2025இல் உத்தரவாத விலை (கிலோவுக்கு நாடு 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132) அறிவிக்கப்பட்டது பெப்ரவரி 5ஆம் திகதி. விலை நல்லதோ கெட்டதோ, அதற்கு முந்தி வெட்டியவன் வயல் வரம்பில் வைத்தே தனியாருக்குக் கொடுத்துவிட்டான். நாட்டுக்கே பொதுவான விலையைப் பற்றி ஒரு மாவட்ட விவசாயி சண்டை பிடிப்பது கடினம். திகதியைப் பற்றிப் பேசுவது அப்படியல்ல. அது கிழக்குக்கே உரிய வாதம், மறுத்துப் பேசுவதும் லேசல்ல.

கணக்கை வயலிலேயே முடித்துவிடுங்கள்

உத்தியோகத்தர்கள் முதலில் கை வைப்பது ஏக்கர் கணக்கில். வட்டை விதானையார் (வயல்வெளிக்குத் தண்ணீர் பங்கிடும் பொறுப்பாளர்) சொல்லும் அளவு ஒன்று, கமநல சேவை நிலையத்து விவசாயக் காணிப் பதிவேட்டில் இருப்பது இன்னொன்று, நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அளவு மூன்றாவது. மகஜரில் 600 ஏக்கர் என்று எழுதி, பதிவேட்டில் 430 இருந்தால் கூட்டம் அந்த 170 ஏக்கரைப் பற்றியதாக மாறிவிடும். முன்கூட்டியே பதிவேட்டு அளவை எடுத்து அதையே எழுதுங்கள். உண்மையில் கூடுதலாகச் செய்கை நடந்தால் "பதிவுக்கு வெளியே இவ்வளவு" என்று தனி வரியாகக் காட்டுங்கள். பதிவேட்டில் இல்லாத காணிக்கு உரமானியம் வராது, வெள்ள நட்டஈடும் இழுபடும். ஆகவே பெயர் பதியாத குத்தகைக்காரர்களையும் இந்தச் சாட்டில் பதிவிக்கலாம்.

அடுத்தது நட்டக் கணக்கு. "பாரிய நட்டம்" என்ற சொல் எந்தக் கோவையையும் நகர்த்தாது. மாதிரிக்கு ஒரு கணக்கு: ஏக்கருக்கு 80 புசல் விளைந்ததாக வைப்போம். ஒரு புசல் ஏறத்தாழ 21 கிலோ. ஆக 1,680 கிலோ. களஞ்சியம் திறக்காததால் கிலோவுக்கு 10 ரூபா குறைத்து விற்றால் ஏக்கருக்கு 16,800 ரூபா போகிறது. 250 ஏக்கர்க் கண்டம் (வயல் தொகுதி) என்றால் 42 இலட்சம் ரூபா. இந்த ஒரு வரி ஒரு பக்க ஒப்பாரிக்குச் சமம். உங்கள் கண்டத்தின் சொந்த விளைச்சலையும் விற்ற விலையையும் வைத்துக் கணக்குப் போடுங்கள். பத்துப் பேரிடமாவது விற்ற பற்றுச்சீட்டின் பிரதியை வாங்கி வையுங்கள். துண்டு தராத வியாபாரி என்றால் திகதி, மூடை எண்ணிக்கை, கிலோ விலை, மூடைக்கு வெட்டிய கழிவு ஆகியவற்றை அன்றே கொப்பியில் எழுதி விற்றவரிடம் கையொப்பம் வாங்குங்கள்.

ஈரப்பதனையும் மறக்க வேண்டாம். நெற் சந்தைப்படுத்தும் சபையின் தரம் 14 சதவீதம். மெசினால் வெட்டிய நெல் அன்றைக்கே அந்த அளவில் இராது, மார்கழி மழை இழுத்துத் தை வரை போனால் சொல்லவும் வேண்டாம். "களஞ்சியம் திறந்தும் விவசாயி கொண்டுவரவில்லை" என்ற பதில் வருவது இதனால்தான். உலரவிடும் தளம் இல்லாத ஊர் என்றால் களஞ்சியத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டியது அதைத்தான். கோரிக்கையின் அதே வசனத்துக்குள் அதையும் சேருங்கள். இரண்டாவது கோரிக்கையாக்க வேண்டாம்.

படங்கள் நான்கு போதும்: தூரத்திலிருந்து ஒன்று, கிட்ட நின்று ஒன்று, அளவு தெரிய மண்வெட்டியோ ஆளோ பக்கத்தில் நிற்க ஒன்று, பாதிக்கப்பட்ட வயல் ஒன்று. ஒவ்வொன்றின் பின்னாலும் திகதி, கண்டம், வாய்க்காலின் பெயர். வட்ஸ்அப்பில் அறுபது படம் அனுப்பினால் யாரும் பார்ப்பதில்லை.

அமைப்பின் தாள்கள் சரியா?

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவான கமக்காரர் அமைப்பின் பெயரில்தான் கோரிக்கை போக வேண்டும். தனி ஆளின் கடிதம் தனி ஆளின் பிரச்சினையாகவே கோவையில் கிடக்கும். பொதுக்கூட்டம் கூட்டாமல், கணக்கு ஒப்படைக்காமல், பழைய தலைவரே பத்து வருடமாக இருக்கும் அமைப்பு கடிதம் கொடுத்தால் முதல் கேள்வி அதைப் பற்றியே வரும்.

கோரிக்கைக்கென்று ஒரு கூட்டம் கூட்டி, கூட்டறிக்கையில் தீர்மானத்தை எழுதுங்கள்: முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், வந்தவர்கள் எண்ணிக்கை, கோரிக்கையின் சரியான வாசகம். கையொப்பப் பட்டியலில் பெயருக்கு நேரே காணியின் அளவும் இருக்கட்டும். ஒரே வீட்டில் ஐந்து கையொப்பம் இருப்பதைக் கிராம உத்தியோகத்தர் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பார். சொந்தக் காணி இல்லாமல் குத்தகைக்குச் செய்பவர்களும், கணவர் பெயரில் காணி இருக்க வெள்ளாமையைத் தாங்களே பார்க்கும் பெண்களும் பட்டியலில் வர வேண்டும். பாதிப்பை நேரில் சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

தண்ணீர்ப் பிரச்சினை என்றால் பக்கத்துக் கண்டத்தையும் சேருங்கள். கல்லோயாத் திட்டத்தில் இடதுகரை, வலதுகரை, ஆற்றுப் பிரிவு என்று மூன்றுண்டு. மேல்வாய்க்காலில் சிங்கள விவசாயி, கீழே முஸ்லிம், தமிழ் விவசாயிகள். கடைவாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லை என்ற கடிதத்தில் தமிழ் அமைப்பின் கையொப்பம் மட்டும் இருந்தால் அது இனப் பிரச்சினையாகிவிடும். மூன்று சமூகத்து அமைப்புகளும் கையொப்பமிட்டால் அது வாய்க்கால் பிரச்சினையாகவே இருக்கும். 1980களின் தொடக்கத்தில் கல்லோயா இடதுகரையில் விவசாயிகளை வாய்க்கால் வாய்க்காலாக ஒழுங்குபடுத்தியபோது மேலே இருப்பவர்கள் தாமாகவே கீழே தண்ணீர் விட்ட வரலாறு உண்டு. பேசினால் நடக்கும்.

ஒரு பக்கக் கடிதம்

ஒரு பக்கம்தான். இணைப்புகள் எத்தனையும் இருக்கலாம், ஆனால் கடிதம் மறுபக்கம் போகக்கூடாது. இப்படி எழுதலாம்:

*திகதி, அமைப்பின் பெயர், பதிவிலக்கம், தொலைபேசி.*

*விடயம்: ……… பிரிவு நெற் களஞ்சியத்தை ஜனவரி 20க்கு முன் திறத்தலும் உலர்தள வசதியும்.*

*எமது கண்டத்தில் கமநல சேவை நிலையப் பதிவின்படி 250 ஏக்கரில் 112 விவசாயிகள் பெரும்போகச் செய்கை செய்கின்றனர். அறுவடை ஜனவரி மூன்றாம் வாரம் தொடங்கும். கடந்த போகம் களஞ்சியம் ……… திகதியே திறக்கப்பட்டது. அதற்குள் எமது நெல் முழுவதும் கிலோவுக்கு 10 ரூபா குறைவாக விற்கப்பட்டது. ஏற்பட்ட இழப்பு ஏறத்தாழ 42 இலட்சம் ரூபா (இணைப்பு 1).*

*இதனை ……… திகதி பிரதேச விவசாயக் குழுவில் முன்வைத்தோம் (இணைப்பு 2: கூட்டறிக்கை).*

*தாங்கள் செய்ய வேண்டுவது: டிசெம்பர் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் இதனைச் சேர்த்து, திறக்கும் திகதியை நெற் சந்தைப்படுத்தும் சபையிடமிருந்து எழுத்தில் பெற்றுத் தருவது.*

கடைசிப் பந்திதான் உயிர். "ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்" என்று முடிக்கும் கடிதத்துக்கு "ஆவன செய்யப்படும்" என்ற பதில்தான் வரும். கடைசியில் இருபது பேருக்குப் பிரதி போடுவதையும் விடுங்கள். இருபது பேருக்குப் போனால் மற்ற பத்தொன்பது பேரும் பார்ப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்.

தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் மொழி பற்றிய 4ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனாலும் அம்பாறை மாவட்டச் செயலகத்துக்கோ கொழும்புக்கோ போகும் கடிதத்தோடு சிங்கள மொழிபெயர்ப்பு ஒன்றை இணைப்பது புத்தி. உரிமை ஒன்று, மொழிபெயர்ப்பாளரின் மேசையில் கோவை மூன்று வாரம் காத்துக் கிடப்பது வேறொன்று.

படிகளைத் தாண்ட வேண்டாம்

நேரே பா.உ.விடம் போவது சுருக்கவழி போலத் தெரியும். நடப்பது இது: மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் அவர் விடயத்தை எடுப்பார், தலைமை தாங்குபவர் சம்பந்தப்பட்ட உத்தியோகத்தரைப் பார்ப்பார், "இது எங்களுக்கு அறிவிக்கப்படவில்லை சேர்" என்பார் அவர். அந்த ஒரு வசனத்தோடு விடயம் அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும்.

அதனால் முதலில் கமநல சேவை நிலையம், பிறகு பிரதேச செயலகத்தில் நடக்கும் பிரதேச விவசாயக் குழு, பிறகு அரசாங்க அதிபர் தலைமையில் நடக்கும் மாவட்ட விவசாயக் குழு. ஒவ்வொரு இடத்திலும் கடிதத்தின் பிரதியில் திகதியோடு இறப்பர் முத்திரை வாங்குங்கள். தர மறுத்தால் வாதாட வேண்டாம், தபாற்கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போட்டுத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு படியில் பதில் வராவிட்டால், அல்லது "எங்கள் அதிகாரத்தில் இல்லை" என்று எழுத்தில் வந்தால், அப்போது பா.உ.விடம் போக நேரம் வந்துவிட்டது. அந்த மறுப்புக் கடிதம் தோல்வியல்ல. உங்கள் இணைப்புகளில் அதைவிடப் பெறுமதியானது இல்லை.

போகம் தொடங்கும் முன் விவசாயிகளும் உத்தியோகத்தர்களும் கூடும் ஆரம்பக் கூட்டத்தையும் லேசாக எடுக்க வேண்டாம். முதல் தண்ணீர் திறக்கும் நாள், கடைசித் தண்ணீர், விதைப்புத் திகதி, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, மாடுகளை வட்டையிலிருந்து அகற்றும் நாள் எல்லாம் அங்கேதான் முடிவாகும். அங்கே கை உயர்த்திச் சம்மதித்ததை இரண்டு மாதம் கழித்துப் பா.உ.விடம் போய் மாற்றச் சொன்னால் எந்த உத்தியோகத்தரும் மதிக்கமாட்டார். பண்ணையாளருக்கும் வயற்காரருக்கும் இடையிலான தகராறுகளில் பாதி, மாடு அகற்றும் திகதியைச் சரியாக எழுதிக்கொள்ளாததால் வருவது.

எந்த உறுப்பினர், என்ன ஆயுதம்

மட்டக்களப்பு மாவட்டத்துக்கு 5 பேர், திகாமடுல்லவுக்கு (அம்பாறையின் தேர்தல் மாவட்டப் பெயர்) 7 பேர். "நம்மட ஆள்" ஒருவரிடம் மட்டும் போவது பழைய பழக்கம். ஆளும் தரப்பு உறுப்பினர் அமைச்சரின் கந்தோருக்குள் போகலாம், ஒருங்கிணைப்புக் குழுவில் அவர் சொல்லுக்கு எடையும் கூட. எதிர்த்தரப்பு உறுப்பினர் பாராளுமன்றத்தில் கூச்சமில்லாமல் கேட்பார். ஒரே கடிதத்தை இருவருக்கும் கொடுங்கள்; மற்றவருக்கும் கொடுத்திருப்பதை இருவரிடமும் சொல்லுங்கள். மறைத்துவிட்டுப் பிறகு தெரியவந்தால் இரண்டும் போய்விடும்.

பாராளுமன்றத்துக்குள் அவருக்குப் பல வழிகள் உண்டு. அவற்றுள் நமக்கு அதிகம் பயன்படுவது வாய்மூல விடைக்கான வினா, ஏனென்றால் அமைச்சரின் பதில் பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் ஏறும், பிறகு யாரும் மறுக்க முடியாது. வினாவை நீங்களே எழுதிக் கொடுங்கள். உறுப்பினருக்கு வேலை மிச்சம், உங்களுக்கோ கேள்வி திசைமாறாது. அதன் நடை இப்படி இருக்கும்:

*(அ) (i) ……… நெற் களஞ்சியம் கடந்த மூன்று பெரும்போகங்களிலும் திறக்கப்பட்ட திகதிகள் யாவை;*
*(ii) ஒவ்வொரு போகத்திலும் கொள்வனவு செய்யப்பட்ட நெல்லின் அளவு எவ்வளவு;*
*(iii) எதிர்வரும் போகத்தில் திறக்கப்படவுள்ள திகதி யாது;*
*என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?*
*(ஆ) இன்றேல், ஏன்?*

திகதியும் அளவும் கேளுங்கள். "நடவடிக்கை எடுப்பீர்களா?" என்று கேட்டால் "ஆம்" என்பார் அமைச்சர், கதை அத்தோடு முடிந்தது. வினா ஒழுங்குப் பத்திரத்துக்கு வர வாரக்கணக்கில் ஆகும், பதிலுக்கு அமைச்சர் காலம் கேட்பதும் வழமை. இன்று வான் பாயும் குளத்துக்கு இது மருந்தல்ல.

கட்சித் தலைவர்கள் நிலையியற் கட்டளை 27(2)இன் கீழ் அவசர முக்கியத்துவமுள்ள விடயத்தைக் கேட்கலாம். வெள்ளம், அறக்கொட்டியான் பூச்சித் தாக்கம், உரத் தட்டுப்பாடு போன்றவை அதற்குப் பொருந்தும். ஒரு கண்டத்தின் வாய்க்காலை அங்கே கொண்டுபோக முடியாது. அமைச்சுசார் ஆலோசனைக் குழுவில் அமைச்சரும் மேலதிகாரிகளும் ஒரே மேசையில் இருப்பதால் வெளியே சத்தமில்லாமல் சில காரியங்கள் நடக்கும். பத்திரிகையில் வராது என்பதற்காக அதைக் குறைத்து எண்ண வேண்டாம். பொது மனுக்கள் பற்றிய குழு வேறு வகை. அரச அலுவலரால் அநீதி நடந்தது, அடிப்படை உரிமை மீறப்பட்டது என்ற முறைப்பாடு ஓர் உறுப்பினர் மூலமாக அங்கே போகும். காணிப் பதிவை அநியாயமாக வெட்டிவிட்டார்கள் என்றால் அது சரியான இடம். நெல் விலையோடு அங்கே போனால் திரும்பி வரும்.

நேரம் தவறினால் நியாயமும் உதவாது

பெரும்பாலான கோரிக்கைகள் பிழைப்பது இங்கேதான். நமது நாட்காட்டி போகம். அரசாங்கத்தின் நாட்காட்டி ஜனவரி முதல் டிசெம்பர் வரையான நிதியாண்டு. ஐப்பசி மழையில் வாய்க்கால் உடைந்தபின் கார்த்திகையில் மகஜர் கொடுத்தால் அந்த ஆண்டுக் காசு முடிந்திருக்கும், அடுத்த ஆண்டின் பாதீடு பாராளுமன்றத்தில் இருக்கும். 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் 2025 நவம்பர் 7இல் சமர்ப்பிக்கப்பட்டது. திணைக்களங்கள் தங்கள் மதிப்பீடுகளை அதற்குப் பல மாதம் முன்பே அனுப்பிவிடும்.

ஆகவே கட்டுமான வேலை எதுவானாலும் வைகாசி, ஆனிக்குள் பொறியியலாளரின் மதிப்பீடு தயாராகிக் கந்தோரில் இருக்க வேண்டும். மதிப்பீடு இல்லாத கோரிக்கைக்கு யாராலும் காசு ஒதுக்க முடியாது, பா.உ.விடம் கேட்க வேண்டிய முதல் உதவியே "மதிப்பீடு போட ஆள் அனுப்பச் சொல்லுங்கள்" என்பதாக இருக்கலாம். காசு வந்தாலும் வேலை செய்ய ஆவணி சிறுபோக வெட்டுக்கும் ஐப்பசி மழைக்கும் இடையே சில வாரங்கள்தான் உண்டு. கேள்விப்பத்திரம் கோரும் வேலை ஆடிக்குள் முடியாவிட்டால் கொங்கிறீட் போடும் நாளில் வாய்க்காலில் தண்ணீர் ஓடும், காசு திரும்பிப் போகும். நவம்பர், டிசெம்பரில் அமைச்சு வாரியாகக் குழுநிலை விவாதம் நடக்கும். கமத்தொழில் அமைச்சின் நாளுக்கு ஒரு வாரம் முன்பு உங்கள் ஒரு பக்கத் தாள் உறுப்பினரின் கையில் இருந்தால் பேச்சில் வரும்.

பாராளுமன்றம் வழக்கமாக மாதத்தின் முதலாம், மூன்றாம் வாரங்களில் கூடும். அந்த வாரங்களில் ஊரில் தேடிப் பயனில்லை. இடைப்பட்ட வாரத்தில் கந்தோர் இணைப்பாளரிடம் நேரம் கேளுங்கள். இணைப்பாளரை வாசற்காவலாள் போல நடத்துபவர்கள் உண்டு. கோவையை ஞாபகம் வைத்திருப்பவர் உண்மையில் அவர்தான்.

சந்திப்பு

மூன்று பேர் போதும். ஒருவர் பேச, ஒருவர் எழுத, ஒருவர் பாதிப்பை நேரில் கண்டவர். இருபது பேர் போனால் சந்திப்பு கூட்டமாகும், கூட்டமானால் எல்லோரும் பேசுவார்கள், யானை, உரம், மாட்டுத் திருட்டு எல்லாம் வந்து களஞ்சியத் திகதி காணாமல் போகும். பத்து நிமிடத்துக்குத் தயாராகுங்கள். கோரிக்கையை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். ஊரின் வரலாற்றிலிருந்து தொடங்கினால் பாதியில் அவருக்குத் தொலைபேசி வரும். தெரியாததைக் கேட்டால் "தெரியாது ஐயா, மூன்று நாளில் எழுதி அனுப்புறம்" என்று சொல்லி, அப்படியே அனுப்புங்கள்.

எழும்புவதற்கு முன் ஒரு கேள்வி: "இதை யாரிடம், எப்ப பேசுவீங்க? நாங்க எந்தத் திகதிக்குப் பிறகு விசாரிக்கலாம்?" பதிலை அவர் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். படம் எடுக்க விரும்பினால் எடுக்கட்டும், அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அமைப்பின் பெயர்ப்பலகை கட்சி மேடையில் ஏற வேண்டாம். அடுத்த தேர்தலில் ஆட்சி மாறினால் அந்தப் படம் உங்களுக்கு எதிராக நிற்கும்.

வெள்ளம் வந்தால் வரிசை வேறு

2024 நவம்பர் கடைசி வெள்ளத்தில் இரண்டு மாவட்டங்களிலும் இளம் பயிர் நாட்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தது. அப்படியான நேரத்தில் முதல் ஓட்டம் பா.உ.விடமல்ல, கமநல சேவை நிலையத்துக்கும் கமத்தொழில் கமநலக் காப்புறுதிச் சபைக்கும். தண்ணீர் வடியும் முன் படம் எடுங்கள். வடிந்து ஒரு வாரத்தில் புல் மூடினால் "பயிர் மீண்டுவிட்டது" என்று எழுதிவிடுவார்கள். மீள விதைத்தால் விதைநெல் வாங்கிய துண்டை எறிய வேண்டாம். பார்வையிட வரும் குழுவோடு அமைப்பின் ஒருவர் கட்டாயம் போக வேண்டும், அவர்கள் எழுதும் ஏக்கர் அளவை அந்த இடத்திலேயே தன் கொப்பியிலும் குறிக்க வேண்டும். பட்டியல் ஒட்டிய பிறகு விடுபட்ட பெயர்களைத் திரட்டிக்கொண்டு போகும்போதுதான் பா.உ. தேவைப்படுவார்.

பதில் வராவிட்டால்

சந்தித்த ஒரு வாரத்துக்குள் நன்றிக் கடிதம் ஒன்று போகட்டும். அதற்குள் அவர் ஒப்புக்கொண்டதையும் திகதியையும் எழுதிவிடுங்கள். அது மரியாதையுமாகும், சாட்சியுமாகும்.

திகதி தாண்டினால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. திணைக்களத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. "ஏன் செய்யவில்லை?" என்று கேட்க வேண்டாம், அது தகவல் அல்ல. மதிப்பீட்டின் பிரதி, ஒதுக்கிய தொகை, செலவான தொகை, ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த திகதி, கூட்டறிக்கையின் பிரதி என்று ஆவணங்களைக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும். மறுத்தாலோ பதில் வராவிட்டாலோ அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பல தடவை மேன்முறையீடு வரை போகத் தேவைப்படாது. விண்ணப்பம் கிடைத்ததும் தூங்கிய கோவை எழும்பிவிடும்.

கவனயீர்ப்புப் போராட்டமும் ஒரு வழிதான். ஆனால் முத்திரை குத்திய கடிதங்கள் கையில் இல்லாமல் வீதிக்கு இறங்கினால் "எங்களிடம் யாரும் கேட்கவில்லையே" என்று ஊடகத்துக்குச் சொல்ல அவர்களுக்கு வசதியாகிவிடும். கடிதங்கள் இருந்தால் பத்திரிகையாளரிடம் கோஷத்துக்குப் பதிலாகத் திகதிகளைக் கொடுக்கலாம்.

எல்லாத் தாளையும் ஒரே கோவையில் திகதி வரிசையில் குத்தி, முன் அட்டையில் கடைசியாக அனுப்பிய கடிதத்தின் திகதியையும் அடுத்து விசாரிக்க வேண்டிய நாளையும் பென்சிலால் எழுதி வையுங்கள். நிர்வாகம் மாறும்போது புதிய செயலாளரிடம் வங்கிப் புத்தகத்தோடு இந்தக் கோவையையும் கையொப்பம் வாங்கி ஒப்படையுங்கள்.